எழுதாத ஒப்பந்தம்: பல வருடமாகக் குடியிருப்பவர்களிடம் வாடகையை உயர்த்துவது எப்படி?

அப்பா காலத்தில் வாய்ப்பேச்சில் வாடகைக்கு விட்ட வீடு. குடியிருப்பவர்கள் நல்லவர்கள், மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும். ஆனால் எட்டு வருடமாக அதே தொகை. அக்ரிமென்ட் என்று ஒரு தாளும் கிடையாது. இப்போது வீடு உங்கள் பொறுப்புக்கு வந்திருக்கிறது. வரி ஏறிவிட்டது, பெயின்ட் விலை ஏறிவிட்டது, பக்கத்து வீட்டு வாடகையைக் கேட்டால் வயிறு எரிகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

நான் ஆரம்பித்த இடம் தப்பான இடம். மாதக் கடைசியில் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினேன்: "அடுத்த மாதத்திலிருந்து வாடகை 30 சதவீதம் கூடுகிறது. நன்றி." நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. ஐந்தாம் தேதி பழைய தொகை அப்படியே கணக்கில் வந்து விழுந்தது. நானும் சத்தம் காட்டாமல் வாங்கிக்கொண்டேன். அதற்கடுத்த மாதமும் அப்படியே. கேட்டும் கேட்காத மாதிரி, கொடுத்தும் கொடுக்காத மாதிரி இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தோம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒழுங்காகத் திரும்பச் செய்ய ஏழு மாதம் பிடித்தது. அந்த ஏழு மாதத்தில் கற்றதை, நீங்கள் செய்ய வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

1. முதலில், என்ன ஒப்பந்தம் இருக்கிறது என்று பாருங்கள்

எழுதவில்லை என்பதால் ஒப்பந்தமே இல்லை என்று ஆகிவிடாது. ஒருவர் வீட்டில் இருக்கிறார், மாதாமாதம் பணம் தருகிறார், நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்கள். பெரும்பாலான நாடுகளின் சட்டத்துக்கு இது போதும். இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 106ஆம் பிரிவில், வேறு ஒப்பந்தம் இல்லாத குடியிருப்பு வாடகையை மாதத்துக்கு மாதம் நீளும் குத்தகையாகவே கருதுகிறது. முடித்துக்கொள்ள நினைக்கும் பக்கம் 15 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் வாய்மொழியாக விட்ட வீட்டுக்கும் எழுதி விட்ட வீட்டுக்கும் வாடகை உயர்வு விதிகள் ஒன்றுதான். ஆகவே "பேப்பரே இல்லையே, அவங்களுக்கு என்ன உரிமை?" என்று யாராவது உங்களிடம் சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இதற்கு நேர் எதிரான பயமும் ஒன்று உண்டு: இத்தனை வருடம் இருந்துவிட்டார்கள், வீடு அவர்களுக்கே சொந்தமாகிவிடுமோ என்று. வாடகை கொடுத்து இருப்பவர் உங்கள் அனுமதியில் இருப்பவர். காலம் ஓடியதால் மட்டும் அவர் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. ஆபத்து எங்கே என்றால், "நம்ம ஆளுதானே" என்று வாடகையே வாங்காமல் வருடக்கணக்கில் விடுவதில்தான். வாங்கிய ஒவ்வொரு வாடகைக்கும் ஒரு தடயம் இருப்பது உங்களுக்கே பாதுகாப்பு.

சரி, தடயங்களை எடுத்து ஒரு கோப்பில் போடுங்கள். வங்கிக் கணக்கில் வந்த வரவுகள், பழைய ரசீதுகள், மின் கட்டண ரசீது யார் பெயரில் வருகிறது, செல்பேசிச் செய்திகள். அதிலிருந்து இவற்றுக்கு விடை தேடுங்கள்: எந்தத் தேதியிலிருந்து இருக்கிறார்கள்? யார் பெயரில் வீடு விடப்பட்டது, அவரே இன்னும் இருக்கிறாரா, அல்லது அவர் மகன் இருந்துகொண்டு பணம் தருகிறாரா? முன்பணம் எவ்வளவு வாங்கப்பட்டது? கடைசியாக வாடகை ஏறியது எப்போது?

முன்பணத்தில் பெரும்பாலும் ஒரு சிக்கல் இருக்கும். வாங்கியவர் இறந்திருப்பார், கொடுத்தவருக்குத் தொகை நன்றாக நினைவிருக்கும். ஆதாரம் இல்லை என்பதற்காக மறுக்காதீர்கள். அவர்கள் சொல்லும் தொகை நம்பும்படி இருந்தால் ஏற்றுக்கொண்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாடகை பேசப் போகிற இடத்தில் இது உங்களுக்கு நல்ல பெயரை வாங்கித் தரும். எப்படியும் ஒருநாள் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம்தானே.

வீடு உடன்பிறந்தவர்களோடு பொதுவில் இருந்தால், முதலில் அவர்களிடம் பேசி முடியுங்கள். அண்ணன் ஒரு தொகை, தங்கை ஒரு தொகை சொன்னால், குடியிருப்பவர் இரண்டில் குறைந்ததைப் பிடித்துக்கொள்வார். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். யார் பேசுவது, பணம் யார் கணக்குக்குப் போவது என்பதை எல்லோரும் சேர்ந்து கையெழுத்திட்டு ஒரு தாளில் தெரிவித்துவிடுங்கள்.

2. வாடகை ஏன் இத்தனை நாள் ஏறவில்லை?

யாரும் சொல்லித் தராத படி இது. என் முதல் முயற்சி சறுக்கியது இதைச் செய்யாததால்தான்.

வாட்ஸ்அப் கூத்து முடிந்து நாலு மாதம் கழித்து, மாடிக்கு நேரில் போனேன். அங்கே குடியிருக்கும் அக்கா உட்காரச் சொன்னார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் பீரோவின் மேல்தட்டிலிருந்து நீல அட்டை போட்ட ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். முன்பக்கங்களில் மாதவாரியாக வாடகை கொடுத்த தேதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அப்பாவின் சுருக்கொப்பம், பச்சை மையில். எனக்குத் தெரிந்த கையெழுத்து. பார்த்ததும் பேச்சு வரவில்லை. பிறகு அக்கா நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து காட்டினார். குளியலறைக் குழாய் இரண்டு. கதவுக் கீல். சுவிட்ச் போர்டு. மோட்டாருக்குக் காயில் கட்டியது, அதுவும் மூன்று முறை. ஜன்னலுக்குக் கொசுவலை. எல்லாவற்றுக்கும் தொகை, தேதி, கடைக்காரர் கொடுத்த துண்டுச் சீட்டு குண்டூசியில் குத்தி.

"அப்பா என்ன சொன்னாருன்னா தம்பி, சின்ன ரிப்பேரெல்லாம் நீங்களே பாத்துக்கோங்கம்மா, நான் வாடகைய ஏத்தல. இதுதான் எங்களுக்குள்ள பேச்சு."

ஆக எழுதாத ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்திருக்கிறது. வாடகை ஏறாமல் கிடந்தது அப்பாவின் மறதியால் இல்லை, அது ஒரு பேரத்தின் பாதி. மறுபாதியை அக்கா தன் கையிலிருந்து கட்டிக்கொண்டிருந்தார். நான் அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பாதியை மட்டும் மாற்றப் பார்த்தேன்.

நீண்ட காலம் உயராத வாடகைக்குப் பின்னால் அநேகமாக இப்படி ஏதோ ஒன்று இருக்கும். குடியிருப்பவர் மாடிப்படியைக் கூட்டுகிறார், தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்துகிறார், வயதான வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார், அல்லது ஒழுகும் கூரையைப் பற்றி வாய் திறக்காமல் பாத்திரம் வைத்துச் சமாளிக்கிறார். சில வீடுகளில் காரணம் வெறும் கூச்சமாகவும் இருக்கலாம். எதுவானாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "இத்தனை வருஷத்துல நீங்க கைக்காசு போட்டுச் செஞ்சது என்னென்ன?" என்ற ஒரு கேள்வி போதும். வரும் பட்டியலை எழுதிக்கொள்ளுங்கள், வாதாட வேண்டாம். வாடகையை உயர்த்தினால் அந்தப் பட்டியல் இனி உங்கள் தலையில் வரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. உங்கள் ஊர்ச் சட்டத்திடம் நாலு கேள்வி

எத்தனை காலத்துக்கு ஒருமுறை உயர்த்தலாம்? ஒரே தடவையில் எவ்வளவு உயர்த்தலாம்? எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்? எந்த வடிவத்தில் சொல்ல வேண்டும்?

இடத்துக்கு இடம் இவை எவ்வளவு மாறுகின்றன என்று பாருங்கள். ஒன்டாரியோவில் 12 மாதத்துக்கு ஒருமுறைதான், 90 நாள் முன்னால், அதற்கான படிவத்தில்; உச்சவரம்பை மாகாண அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும், 2025க்கு அது 2.5 சதவீதம். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய வீடுகளுக்கு அந்த வரம்பு கிடையாது. நியூசிலாந்தில் ஆண்டுக்கு ஒருமுறை, 60 நாள் முன்னறிவிப்பு. ஜெர்மனியில் அந்தப் பகுதியில் ஒப்பிடத்தக்க வீடுகளின் வாடகை வரைதான் போகலாம், அதுவும் மூன்று ஆண்டுகளில் 20 சதவீதத்துக்கு மேல் கூடாது. வீட்டுத் தட்டுப்பாடு உள்ள நகரங்களில் 15 சதவீதம். குடியிருப்பவரின் சம்மதத்தையும் கேட்க வேண்டும், அவர் மறுத்தால் நீதிமன்றம் போக வேண்டும். கலிபோர்னியாவில் உயர்வு 10 சதவீதத்துக்குள் என்றால் 30 நாள், அதைத் தாண்டினால் 90 நாள். இங்கிலாந்தில் 2025இல் வந்த வாடகைதாரர் உரிமைச் சட்டம், ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டு மாத நோட்டீஸ், தொகை அநியாயம் என்று பட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்கிறது. சிங்கப்பூரிலோ வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 2001இலேயே எடுத்துவிட்டார்கள், பேசிக்கொண்டதுதான் விலை.

இந்தியாவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாட்டில் 2017இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடப்புக்கு வந்த சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும் என்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் வாடகையை உயர்த்தும் முயற்சியும் ஒப்பந்தம் எழுதும் வேலையும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

எந்த ஊரானாலும் ஒன்று பொது: நீங்களாக ஒரு தொகையைச் சொன்னதும் அது வாடகை ஆகிவிடாது. ஒன்று சட்டம் சொன்ன முறையில் சொல்லியிருக்க வேண்டும், அல்லது அவர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். என் வாட்ஸ்அப் செய்தியில் இரண்டும் இல்லை. வாடகைச் சட்டம் பார்க்கும் ஒரு வக்கீலிடம் அரை மணி நேரம் காசு கொடுத்துக் கேட்பது வீண் செலவில்லை. நோட்டீஸ் ஒரு நாள் பிந்தினாலும், படிவம் மாறினாலும், மொத்தமும் செல்லாமல் போகிற ஊர்கள் உண்டு.

4. தொகை

விளம்பரத்தில் போட்டிருக்கும் வாடகை, கேட்கும் வாடகை. கொடுக்கும் வாடகை வேறு. அதனால் அண்மையில் குடிவந்தவர்களிடம் விசாரியுங்கள், ஒரு புரோக்கரிடம் "உடனே ஆள் வேணும்னா எவ்வளவுக்குப் போகும்?" என்று கேளுங்கள். ஒப்பிடும்போது வீட்டின் நிலையையும் பாருங்கள். புது டைல்ஸ், மூடிய அலமாரிகள், லிப்ட் உள்ள வீட்டையும் உங்கள் பழைய வீட்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. குடியிருப்பவரே செலவு செய்து போட்ட வசதிக்கு அவரிடமே வாடகை கேட்பதும் நியாயமில்லை. கொசுவலை அக்காவுடையது.

விலைவாசிக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 6 சதவீதம் விலை ஏறினால், அசையாமல் நிற்கும் வாடகையின் மதிப்பு 12 ஆண்டில் பாதியாகிவிடும். 100 என்று வாங்கிக்கொண்டிருப்பது உண்மையில் 50. இதைக் கண்டதும் கோபம் வரும். வரட்டும், ஆனால் அந்தக் கோபத்தோடு தொகையை முடிவு செய்யாதீர்கள். விட்டுப்போன வருடங்களை ஒரே மாதத்தில் வசூலிக்க முடியாது.

இப்போது முக்கியமான கணக்கு. இன்றைய வாடகை 100, சந்தையில் 150 போகும் என்று வைத்துக்கொள்வோம். ஒரேயடியாக 150 கேட்கிறீர்கள், அவர்கள் காலி செய்கிறார்கள். பெயின்ட் அடித்து, ஆள் தேடி, புதியவர் வர இரண்டு மாதம். பெயின்டுக்கும் மராமத்துக்கும் ஒரு மாத வாடகை, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. முதல் ஆண்டில் பத்து மாத வாடகை 1500, அதில் 300 போனால் 1200. பழைய வாடகையிலேயே ஆண்டுக்கு 1200 வந்துகொண்டுதான் இருந்தது!

மாறாக, இருப்பவர்களிடமே 120 பேசி முடித்தால் முதல் ஆண்டு 1440. அடுத்த ஆண்டு 132, அதற்கடுத்து 145 என்று போனால் மூன்று ஆண்டில் மொத்தம் 4764. காலி செய்யவைத்த வழியில் புதியவர் மூன்று ஆண்டும் 150ஏ கொடுத்தால் 4800. மூன்று வருடம் கழித்து இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இதில் புதியவர் எப்படிப்பட்டவர் என்ற லாட்டரி வேறு.

இந்தக் கணக்கு எல்லா நேரத்திலும் இதே பதிலைத் தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சந்தை வாடகை 200 என்றால், காலி வீட்டுச் செலவெல்லாம் போனாலும் முதல் ஆண்டிலேயே 1600 நிற்கும். இடைவெளி அவ்வளவு பெரிதாக இருந்தால் 120க்குப் பேசி முடிப்பது உங்களுக்கு நஷ்டம்தான், அதை அன்புக்காகச் செய்கிறீர்கள் என்று தெரிந்து செய்யுங்கள். உங்கள் ஊர் எண்களைப் போட்டு நீங்களே பாருங்கள். கூடவே குடியிருப்பவர் பக்கத்துக் கணக்கையும் போடுங்கள்: சாமான் ஏற்ற வண்டி, புது முன்பணம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தூரமாவது. அவர்களும் இதையெல்லாம் கூட்டிக் கழித்துத்தான் பதில் சொல்வார்கள்.

கடைசியில் உங்கள் மனதில் மூன்று எண்கள் இருக்க வேண்டும்: கேட்கப்போகும் தொகை, திருப்தியான தொகை, இதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்ற தொகை. மூன்றுமே சட்டத்தின் வரம்புக்குள். மூன்றாவதை வீட்டில் கூடச் சொல்லாதீர்கள், சுவருக்கும் காது உண்டு, அதுவும் மாடியும் கீழுமாக இருக்கும் வீட்டில்.

5. முதலில் ஒழுகுவதைச் சரி செய்யுங்கள்

நிலுவையிலிருக்கும் மராமத்தில் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றிரண்டையாவது பேச்சுக்கு முன்பே முடித்துவிடுங்கள். "வாடகை ஏறினா செஞ்சு தரேன்" என்றால் அது பேரம். செய்துவிட்டுப் பேசினால் நீங்கள் சொல்வதில் எடை இருக்கும். நான் தண்ணீர்த் தொட்டியின் விரிசலை அடைத்தேன், மாடிப்படி விளக்கை மாற்றினேன். பெரிய செலவில்லை.

6. நேரில் பேசுவது

வாடகை கொடுக்க வரும் அன்று பேசாதீர்கள். அவர் கையில் பணம் இருக்கும்போது இன்னும் கேட்பது போல ஆகிவிடும். பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கும்போது, வீட்டில் நோயாளி இருக்கும்போது வேண்டாம். முன்கூட்டியே, "ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரலாமா, வாடகை விஷயமா பேசணும்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். திடீரென்று போய் நின்றால் யாரும் யோசிக்க மாட்டார்கள், தடுக்கத்தான் பார்ப்பார்கள். முடிந்தால் கணவன் மனைவி இருவரும் இருக்கும் நேரம். ஒருவரிடம் பேசி மற்றவரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றால், நீங்கள் சொன்னது அங்கே போய்ச் சேரும்போது வேறாக இருக்கும்.

தொகையைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். எனக்கு இது கடினமாக இருந்தது. அக்காவிடம் 120 என்றேன் (உண்மைத் தொகை வேறு, விகிதம் இதுதான்). அவர் பேசவில்லை. அந்த மௌனம் தாங்காமல் நான் வரி, பெயின்ட், தம்பி படிப்பு என்று அடுக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு காரணமாகச் சேர்க்கச் சேர்க்க என் தொகை பலவீனமானது. உங்கள் வீட்டுக் கடன் அவர்கள் பிரச்சினை இல்லை. சொல்ல வேண்டியவை இரண்டுதான்: இந்த மாதிரி வீடு இங்கே இவ்வளவுக்குப் போகிறது, கடைசியாக ஏறி இத்தனை வருடம் ஆகிறது.

"ஒரே தடவையில இவ்வளவா தம்பி?"

"சேத்துக் கேக்க வேண்டியதாப் போச்சுக்கா. இனிமே வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா வச்சுக்கலாம், எவ்வளவுன்னு இப்பவே பேசிடலாம்."

"அப்ப ரிப்பேர்?"

இந்தக் கேள்விக்குத் தயாராக இருந்தேன், நோட்டின் புண்ணியம். மோட்டார், பைப், வயரிங் எல்லாம் இனி என் செலவு. பல்பு, குழாய் வாஷர் மாதிரி அன்றாடத் தேய்மானம் அவர்களுடையது. கடைசிப் பக்கத்தில் இருந்த காயில் செலவில் சமீபத்திய ஒன்றை முதல் மாத வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். அக்கா 115க்குக் கேட்டார். 118க்கு முடிந்தது.

குறைத்துத் தரச் சொல்லிக் கேட்டால், தொகையை விடத் தேதியை விட்டுக்கொடுங்கள் என்பது என் அபிப்பிராயம். மூன்று மாதம் தள்ளி ஆரம்பிப்பது உங்களுக்கு ஒருமுறை நஷ்டம். தொகையில் குறைத்தது ஒவ்வொரு மாதமும் நஷ்டம், அடுத்த உயர்வும் அந்தக் குறைந்த தொகையின் மேல்தான் ஏறும். இதையே நான் செய்யவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

அன்றே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நிற்காதீர்கள். ஒரு வாரம் கொடுங்கள். "முடியாதுன்னா காலி பண்ணுங்க" என்ற வார்த்தையை மட்டும் எடுக்கவே கூடாது. பல இடங்களில் அது சட்டத்துக்கும் ஆகாது, சொன்ன பிறகு எந்தத் தொகைக்கு முடிந்தாலும் கசப்பு போகாது.

7. பேசியதை அன்றே தாளில்

கடிதம் சின்னதாக இருக்கட்டும். சட்டம் தனிப் படிவம் சொல்லியிருந்தால் அந்தப் படிவமே வேண்டும். இல்லாவிட்டால் இப்படி எழுதலாம்:

"இன்ன முகவரியில் உள்ள வீட்டில் நீங்கள் இன்ன ஆண்டு முதல் வாடகைக்கு இருந்து வருகிறீர்கள். தற்போதைய மாத வாடகை இவ்வளவு. நாம் இன்ன தேதியில் பேசி ஒப்புக்கொண்டபடி, இன்ன தேதி முதல் மாத வாடகை இவ்வளவு. இதில் தண்ணீர், பொதுப் பராமரிப்பு அடங்கும். மின் கட்டணம் தனி. உங்களிடமிருந்து பெற்று என்னிடம் இருக்கும் முன்பணம் இவ்வளவு. இத்தொகையில் மாற்றமில்லை. அடுத்த வாடகை மாற்றம் இன்ன தேதிக்கு முன் இருக்காது."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். குடியிருப்பவரின் பயம் இந்த உயர்வைப் பற்றி மட்டுமில்லை, அடுத்த மாதம் இன்னொன்று வருமோ என்பதும்தான். இரண்டு பிரதி எடுத்து, இரண்டிலும் இருவரும் தேதியோடு கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கையெழுத்துப் போடத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். பதிவு வசதியுள்ள தபாலில் அனுப்பி அந்த ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். புதிய தேதி வாடகை மாதத்தின் முதல் நாளாக இருப்பது நல்லது. மாத நடுவில் ஆரம்பித்தால் பாதி மாதக் கணக்கு என்று ஒரு தகராறு முளைக்கும்.

முழு வாடகை ஒப்பந்தமும் எழுதப் போகிறீர்களா? எழுதுங்கள், ஆனால் ஒரே நாளில் இரண்டையும் நீட்டாதீர்கள். பல வருடம் பேப்பர் இல்லாமல் இருந்தவருக்கு, திடீரென்று பத்துப் பக்கத் தாளைக் கண்டால் வெளியேற்றத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றும். வரைவைக் கொடுத்து, யாரிடமாவது காட்டிப் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஆண்டு உயர்வு, மராமத்து யார் பொறுப்பு, காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, முன்பணம் எத்தனை நாளில் திரும்பும்: இவை தெளிவாக இருந்தால் போதும். இந்தியாவில் ஏன் எல்லோரும் 11 மாதத்துக்கே எழுதுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு: ஓராண்டைத் தாண்டும் குத்தகைக்கு 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவு கட்டாயம், அந்தச் செலவைத் தவிர்க்கத்தான். தமிழ்நாட்டில் மேலே சொன்ன 2017 சட்டத்துக்கு இந்தப் பதினொரு மாதக் கணக்கு பதில் ஆகாது, அதையும் வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும்.

இன்னொன்று: வாடகை எழுத்துக்கு வந்துவிட்டால் வருமான வரிக் கணக்கிலும் அது இருக்க வேண்டும். எழுத்தில் இல்லாதபோதும் இருந்திருக்க வேண்டியதுதான்.

8. பழைய தொகையே வந்தால்?

ஒப்புக்கொண்ட பிறகும், அல்லது முறையான நோட்டீஸ் காலம் முடிந்த பிறகும், பழைய வாடகையே கணக்கில் விழலாம். நான் செய்த மாதிரி வாயை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். பேசாமல் வாங்கிக்கொண்டே போனால், பழைய வாடகையைத்தான் நீங்களும் ஏற்றுக்கொண்டீர்கள் என்று பின்னால் சொல்ல இடம் கொடுக்கிறீர்கள். அன்றே ஒரு வரி எழுதுங்கள்: "இம்மாத வாடகையில் ஒரு பகுதியாக இவ்வளவு வந்தது, மீதி இவ்வளவு." திட்டாமல், மிரட்டாமல், அவ்வளவுதான். பல சமயம் வங்கியில் போட்டுவைத்த மாதாந்திரத் தானியங்கி உத்தரவை மாற்ற மறந்திருப்பார்கள்.

மறுக்கவே செய்தால், மறுபடி ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள், இரு வீட்டுக்கும் வேண்டியவர் ஒருவரை வைத்துக்கொண்டு. அதுவும் ஆகவில்லையென்றால் வாடகை நீதிமன்றம், தீர்ப்பாயம், சமரச மையம் என்று உங்கள் ஊரில் எது இருக்கிறதோ அதற்குப் போக வேண்டும். தண்ணீரை நிறுத்துவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, பூட்டை மாற்றுவது, சாமானை வெளியே வைப்பது எதையும் செய்யாதீர்கள். பெரும்பாலான நாடுகளில் இது குற்றம் அல்லது நஷ்டஈட்டுக்கு வழி. உங்கள் பக்கம் நியாயம் இருந்த வழக்கும் அந்த நிமிடத்தில் கைமாறிவிடும்.

அவர்கள் காலி செய்வதாகவே முடிவெடுத்தால், தேதியை எழுதி வாங்கிக்கொண்டு, முன்பணத்தை எண்ணித் தயாராக வைத்துவிடுங்கள்.

9. உயர்ந்த வாடகை வந்த பிறகு

ஒவ்வொரு மாதமும் ரசீது கொடுங்கள், வங்கி வழியாக வந்தாலும். உயர்ந்த தொகையில் ஒரு பங்கை மராமத்துக்கென்று தனியே எடுத்து வையுங்கள். நான் வைக்கவில்லை. புது வாடகை வந்த இரண்டாவது வாரம், காலை ஆறு மணிக்கு போன் அடித்தது.

"தம்பி, மோட்டார் ஓடல. தாள்ல உங்க பேர்லதானே எழுதியிருக்கு?"

காயில் கட்டுபவரின் எண் என்னிடம் இல்லை. அக்காதான் நோட்டைப் பார்த்துச் சொன்னார்.